கைத்தொலைபேசிக்குத் தமிழ் கற்பித்த கதை

2012 ஆம் ஆண்டு, நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாட்கள். மருதமுனையில் எங்கள் அயல்வீட்டுத் தாய் ஒருவருக்குக் கட்டாரில் தொழில் பார்த்துவந்த மூத்த மகனிடமிருந்து செய்தி வந்தது. அது தபாற்காரர் கொண்டுவந்த கடிதமன்று. கைத்தொலைபேசியின் வழியாக வந்தது. அந்தக் கைத்தொலைபேசியும் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது விட்டுச் சென்றதே. தாய் தமிழை நன்றாக வாசிப்பார். வேறு மொழி எதுவும் அறியார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆவலோடு திரையை நோக்கினார். ஆனால், அங்கே எழுத்து ஒன்றேனும் இல்லை. மேசன் அடுக்கிவைத்த கற்களைப் போலச் சின்னஞ்சிறு கட்டங்கள் வரிசை வரிசையாக நின்றன.

இளைய மகன் உயர்தர வகுப்பு மாணவன். அவனைக் கூப்பிட்டார்.

"என்ன மகன் இது? உன்ட காக்கா கோவத்துல கோடு கீறி அனுப்பியிருக்கானா?"

"இல்ல உம்மா, காக்கா தமிழிலதான் எழுதியிருக்கார். இந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது."

"நம்மட பாஷை தெரியாத சாமானை நம்மட ஊருல ஏன் விக்கிறானுகள்?"

எழுத்து வாசனை மிகுந்த பலரும் கேட்க மறந்த கேள்வியை அந்தத் தாய் அன்று கேட்டுவிட்டார். அதற்கு விடை தேடப் புகுந்தால், நம் சட்டைப்பையில் இருக்கும் அந்தச் சிறு இயந்திரத்தின் அகத்தையும், அதைச் செய்து விற்போரின் போக்கையும், ஊதியம் எதுவும் பெறாமல் அதனைச் சீர்திருத்திய இளைஞர்களின் உழைப்பையும் ஒருங்கே காணலாம்.

எண்ணும் எழுத்தும்

கைத்தொலைபேசி எழுத்தை எழுத்தாக அனுப்புவதில்லை, எண்ணாக அனுப்புகிறது. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொது எண் வகுக்கும் ஏற்பாட்டுக்கு யுனிகோட் என்று பெயர். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதன்படி 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. 'க' என்பதன் எண் 2965. கட்டாரிலிருந்து மகன் 'க' என்று எழுதினால் கடலைக் கடந்து வருவது 2965 என்ற எண்ணே. அந்த எண்ணுக்குரிய வடிவம் தாயின் கைத்தொலைபேசியில் இருந்தால் 'க' தோன்றும். இல்லையேல், 'இங்கே ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது. அஃது யாதென எனக்குத் தெரியாது' என்று சொல்வது போல அந்த இயந்திரம் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டும்.

வடிவம் மட்டும் இருந்தாலும் போதாது. 'கொடு' என்று எழுதுகிறோம். நாம் முதலில் கொம்பையும், அடுத்துக் ககரத்தையும், பின்னர் காலையும் எழுதுகிறோம். இயந்திரத்தின் நினைவிலோ ககரம் முதலில் நிற்க, உயிர்க்குறி அதன் பின்னே வருகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்தின் இருமருங்கும் வைக்கும் இலக்கண அறிவு இயந்திரத்துக்கு வேண்டும். அவ்வறிவு இல்லாத கைத்தொலைபேசிகளில் சிலர் தமிழ் எழுத்துருவை மட்டும் புகுத்திப் பார்த்தனர். கட்டங்கள் மறைந்தன, ஆனால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து மற்றோரிடத்திலுமாகச் சிதறி, தமிழ் தள்ளாடி நடந்தது.

இவ்வறிவெல்லாம் எங்கே உறைகிறது? கைத்தொலைபேசியின் உள்ளிருந்து எல்லாவற்றையும் நடத்தும் தலைமை மென்பொருளில். நம் மாணவர் பாடநூலில் 'பணிசெயல் முறைமை' என்று படிப்பதும், தமிழகத்தார் 'இயங்குதளம்' என்று வழங்குவதும் இதனையே. உலகின் கைத்தொலைபேசிகளிற் பெரும்பாலானவற்றை இன்று இயக்குவது கூகுள் நிறுவனத்தின் அண்ட்ரொய்ட் என்னும் இயங்குதளம். அதனைத் தாங்கிய முதற் கைத்தொலைபேசி 2008 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அப்போது அதற்குத் தமிழ் தெரியாது. 2011 ஒக்டோபரில் வெளியான 4.0 என்ற பதிப்பில் தமிழ் எழுத்துருவும், அதனை ஒழுங்காக அடுக்கும் அறிவும் சேர்ந்தன. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மூன்றும் 2012 இல் 4.1 ஆம் பதிப்பில் வந்தன. 2014 இல் வெளிவந்த 5.0 ஆம் பதிப்பிலோ, கைத்தொலைபேசியின் கட்டளைகளையே தமிழில் அமைத்துக்கொள்ளும் வசதி கிடைத்தது. சிங்களமும் அதே பட்டியலில் இடம்பெற்றது.

ஆகவே, அந்தத் தாய் தம் கேள்வியைக் கேட்ட நாளில் அதற்கு விடை கண்டுபிடிக்கப்பட்டு ஏறக்குறைய பத்து மாதங்கள் ஆகியிருந்தன. விடை கண்டவர் இருந்தனர். அதை மருதமுனைவரை கொண்டுவந்து சேர்ப்பார்தாம் இல்லை. அவரது கைத்தொலைபேசியில் இருந்தது பழைய 2.3 ஆம் பதிப்பு. அதைச் செய்த நிறுவனம் புதிய பதிப்பை அந்த மாதிரிக்கு அனுப்பவே இல்லை.

அக்காலத்தில் தமிழர் கையாண்ட உபாயங்கள் சுவையானவை. ஒப்பெரா மினி என்னும் இணைய உலாவியில் மறைவாக ஓர் அமைப்புப் பக்கம் இருந்தது. அதைத் திறந்து ஒரு விடையை 'ஆம்' என்று மாற்றினால், அந்நிறுவனத்தின் கணினியே தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக வரைந்து அனுப்பும். எழுத்தறியாத கைத்தொலைபேசி அப்படத்தைக் காட்டிவிடும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 ஆம் ஆண்டிலேயே கைத்தொலைபேசியில் தமிழ் எழுத வழி திறந்தது. ஆயினும், இயங்குதளமே தமிழ் அறியாதிருக்கும்போது மற்றவர் செய்யும் உதவிக்கு ஓர் எல்லை உண்டல்லவா?

ஐந்து கைகள்

புதிய பதிப்பு ஏன் இவ்வளவு தாமதித்து வருகிறது? ஏன் சிலவற்றுக்கு வராமலே போகிறது? மருதமுனையில் பிறந்தவர்க்கு இதை விளக்குதல் எளிது. நம் ஊரின் தறிகளை அறியாதார் இல்லை. நூலைத் தருபவர் ஒருவர், சாயம் ஏற்றுபவர் இன்னொருவர், பாவு ஓடுபவர் வேறொருவர், நெய்பவர் வேறு, கடையில் விரித்துக் காட்டி விற்பவர் வேறு. சாரமொன்று நம் இடுப்புக்கு வருமுன் பல கைகளைக் கடந்து வருகிறது. அவற்றுள் ஒரு கை நின்றால் துணியும் நின்றுவிடும்.

கைத்தொலைபேசியின் கதையும் இத்தகையதே. முதலாவது கை கூகுளுடையது. அது புதிய நூலைத் தருகிறது. இரண்டாவது கை, குவால்கொம், மீடியாடெக் போன்ற நிறுவனங்களுடையது. கைத்தொலைபேசியின் மூளையாகிய சில்லைச் செய்வோர் இவர்கள். சில்லோடு இயங்குதளம் பேசுவதற்கு வேண்டிய 'செலுத்தி' மென்பொருள்களை இவர்களே எழுதவேண்டும். மூன்றாவது கை, கைத்தொலைபேசியைத் தம் பெயரில் விற்கும் நிறுவனத்தினுடையது. அது தன் சொந்த அலங்காரங்களையும் வசதிகளையும் சேர்த்து, தான் விற்ற ஒவ்வொரு மாதிரியிலும் சோதித்துப் பார்க்கவேண்டும். நான்காவது கை தொலைபேசிச் சேவை நிறுவனத்தினுடையது. சில நாடுகளில் அவர்கள் இசைவு தந்த பிறகே புதிய பதிப்பு வெளியே போகும். ஐந்தாவது கை நம்முடையது. 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்ற அறிவிப்பைக் கண்டும், டேட்டா செலவாகுமே என்றும், இடமில்லையே என்றும் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிவைப்பவர்கள் நாம்.

இவற்றுள் இரண்டாவது, மூன்றாவது கைகளே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. காரணம் வியாபாரம். கைத்தொலைபேசியை விற்ற அன்றே அவர்களுக்கு ஆதாயம் கிடைத்துவிடுகிறது. அதன் பின்பு அதற்காகப் பொறியியலாளரைக் கொண்டு உழைப்பது முழுதும் செலவு. விலை குறைந்த மாதிரிகளில் ஆதாயமும் குறைவு. ஆகவே உழைப்பும் குறைவு. அதாவது, குறைந்த பணம் கொடுத்து வாங்கும் ஏழைக் குடும்பத்தின் இயந்திரமே முதலில் கைவிடப்படுகிறது. பெரிய நகரத்தில் விலை உயர்ந்ததை வாங்கியவருக்குத் தமிழ் வந்தது. கரையோர ஊரிலிருந்த தாய்க்குக் கட்டங்கள் எஞ்சின.

'முடியாது' என்றவர்களும் முடித்துக் காட்டியவர்களும்

உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டவையும் எப்போதும் தப்பியதில்லை. 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த சம்சுங் கலக்ஸி எஸ் என்னும் கைத்தொலைபேசி அக்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றது. 2011 டிசம்பரில் அந்நிறுவனம், அண்ட்ரொய்ட் 4.0 அதற்கு வழங்கப்படமாட்டாது என்று தெரிவித்தது. தன் சொந்த அலங்கார மென்பொருளையும் சேர்த்தால் நினைவகம் போதாது என்பதே சொல்லப்பட்ட நியாயம். ஆனால் 2012 ஆம் ஆண்டில் அதே கைத்தொலைபேசியில் அதே 4.0 ஆம் பதிப்பைத் தன்னார்வ இளைஞர்கள் இயக்கிக் காட்டினர். அலங்காரத்தை நீக்கினார்கள்; நினைவகம் போதுமானதாயிற்று!

இவர்கள் யார்? இவர்களுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்? பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் கருமென்பொருளை எழுதத் தொடங்கினார். அண்ட்ரொய்டின் அடித்தளம் அதுவே. அது பொது உரிமத்தின்கீழ் உலகத்துக்கு வழங்கப்பட்டது. அதை மாற்றியமைத்து விற்பவர் எவராயினும், தாம் செய்த மாற்றங்களின் மூல வரிகளை வாங்கியவர் கேட்கும்போது கொடுக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. கூகுளும் அண்ட்ரொய்டின் பெரும்பகுதியை யாவரும் எடுத்தாளும்படி திறந்த மூலமாக வெளியிட்டது. அறிவு பொதுச் சொத்தாக இருந்ததனால் கைவிடப்பட்ட இயந்திரத்துக்கும் ஒரு வழி பிறந்தது.

2009 ஆம் ஆண்டில் ஸ்டீவ் கொண்டிக் என்ற அமெரிக்கர், முதல் அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிக்கென்று தாம் திருத்திய பதிப்பொன்றை வெளியிட்டார். இணையத்தில் அவர் பூண்டிருந்த புனைபெயரைத் தழுவி அது சயனொஜென்மொட் என்று பெயர் பெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில், தன் தனியுரிமைச் செயலிகளை அதனோடு சேர்த்து வழங்குதல் கூடாது என்று கூகுள் கடிதம் அனுப்பியது. அச்செயலிகளை நீக்கிவிட்டு, திறந்த பகுதியை மட்டும் வழங்கி அம்முயற்சி தொடர்ந்தது. பல நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள், தத்தம் கையிலிருந்த மாதிரிகளுக்கென்று அதனைப் பொருத்தினர். 2011 இல் கொண்டிக்கைச் சம்சுங் நிறுவனமே வேலைக்கு அமர்த்திக்கொண்டது. பின்னர் 2013 இல் அவர் கூட்டாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 2016 டிசம்பரில் சயனொஜென்மொட் முடிவுற்றபோது, தன்னார்வலர்கள் அந்த மூல வரிகளை ஏந்திக்கொண்டு லீனியேஜ் ஓ.எஸ். என்ற புதிய பெயரில் பணியைத் தொடர்ந்தனர். அப்பணி இன்றும் நடைபெறுகிறது. நிறுவனம் மறைந்தாலும் திறந்து வைத்த அறிவு மறைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கிடைத்ததும் இழந்ததும்

அயல்வீட்டு இளைய மகன் இச்செய்திகளையெல்லாம் இணையத்தில் துருவித் துருவிப் படித்தான். கல்முனையில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்த உறவுமுறை இளைஞனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். கடைகளில் இதைச் 'சொஃப்ட்வெயார் போடுவது' என்பார்கள். நானும் அருகிலிருந்து பார்த்தேன்.

கைத்தொலைபேசி உயிர்பெறும்போது முதலில் விழிப்பது பூட்லோடர் என்ற சிறு நிரலாகும். அதனை வாயிற்காவலன் எனலாம். நிறுவனம் தந்த இயங்குதளத்தையன்றி வேறொன்றை உள்ளே விடாதபடி அவனுக்குக் கட்டளை உண்டு. முதலில் அந்தப் பூட்டைத் திறக்கவேண்டும். அடுத்து, மீட்புப் பகுதியில் புதிய நிரலொன்றை அமைக்கவேண்டும். அதன்பின் புதிய இயங்குதளக் கோப்பை அதன் வழியாக எழுதவேண்டும். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகையும் முடிந்தபின் வேலையைத் தொடங்கினார்கள். நள்ளிரவு தாண்டியது. ஒருமுறை திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டது. "மச்சான், செத்துட்டா?" என்று ஒருவன் கேட்க, மற்றவன் பதில் சொல்லாமல் மின்கலத்தைக் கழற்றி மாட்டினான். ஸஹர் நேரத்தை அண்மித்தபோது திரையில் ஒளி வந்தது. புதிய இயங்குதளம் விழித்துக்கொண்டது. மகனின் செய்தியை மறுபடியும் அனுப்பச் செய்தார்கள். கட்டங்கள் இருந்த இடத்தில், 'உம்மா, பெருநாளைக்கு வர லீவு கிடைக்கல்ல. மனம் வருந்த வேணாம்' என்று தமிழ் நின்றது.

தாய் அதை இரண்டு முறை வாசித்தார். பின்னர், "வாப்பாட படத்தைக் காட்டு மகன்" என்றார்.

அப்போதுதான் இருவர் முகமும் வெளிறியது. இவ்வாறு செய்யும்போது கைத்தொலைபேசியின் உள்நினைவில் இருப்பவை யாவும் அழிந்துபோகும். அதை அவர்கள் படித்திருந்தார்கள்; ஆனால் ஆர்வத்தில் மறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு காலமான தகப்பனாரைக் கடைசிப் பெருநாளன்று பிடித்த படங்கள் அதனுள்ளேதான் இருந்தன. பிரதி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. சாச்சாவின் போனில் ஒரேயொரு படம் பின்னர் கிடைத்தது. மற்றவை போனவை போனவைதாம்.

இக்கதையை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதிய மென்பொருள் போடுவதைப் பெரும் வீரச்செயலாகப் புகழ்வோர், அதன் விலையைச் சொல்வதில்லை. அந்த இளைஞர்கள் செய்தது நல்ல காரியம். செய்த முறையில் ஒரு பிழை இருந்தது. அப்பிழைக்காக ஒரு குடும்பம் இழந்ததை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

பழுதான கதவு

எழுத்தும் அலங்காரமும் மட்டுமே இதில் அடங்கியிருப்பின், பழையதோடு காலம் கழிக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். அதனினும் பாரதூரமான விஷயம் பாதுகாப்பு. எந்த மென்பொருளிலும் எழுதியவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகள் இருக்கும். அவை வெளிப்படும்போது அடைப்பதே புதுப்பித்தலின் முதன்மையான நோக்கம்.

2015 ஆம் ஆண்டில் ஜோசுவா டிரேக் என்ற ஆராய்ச்சியாளர், அண்ட்ரொய்டில் காணொளிக் கோப்புகளைக் கையாளும் பகுதியில் கொடிய ஓட்டைகள் சிலவற்றைக் கண்டார். தீய நோக்கத்தோடு தயாரித்த காணொளி ஒன்றை அனுப்பியே கைத்தொலைபேசியைக் கைப்பற்ற இயலும் நிலை அது. பாதிக்கப்படக்கூடியவை 95 கோடி என்று அவர் பணியாற்றிய ஸிம்பீரியம் நிறுவனம் மதிப்பிட்டது. கூகுள் தன் மூல வரிகளில் அவற்றை விரைவாகத் திருத்தியது. ஆனால், திருத்தம் முதலாவது கையிலேயே இருந்தது. கோடிக்கணக்கானோரின் கைத்தொலைபேசிக்கு அது போய்ச் சேர நெடுநாள் ஆயிற்று. பலவற்றுக்குச் சேரவே இல்லை. இந்த அதிர்ச்சிக்குப் பின்னரே, அவ்வாண்டு ஓகஸ்ட் முதல் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது.

திருத்தம் வெளியாகும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. இன்ன இடத்தில் ஓட்டை இருந்தது என்பதைத் திருடரும் அறிந்துகொள்கிறார்கள். அடைத்தவர் பிழைத்தார், அடைக்காதவர் வீட்டுக் கதவு பழுது என்று சந்தியில் விளம்பரம் ஒட்டியது போலாகிறது. வங்கிக் கணக்கும், பிள்ளைகளின் படங்களும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் செய்தியும் ஒரே கைத்தொலைபேசியில் இருக்கும் இந்நாளில் இது சிறிய காரியமன்று.

காலம் செல்லச் செல்லப் பயன்பாடும் குன்றும். வட்ஸ்அப் 2020 பெப்ரவரி 1 ஆம் திகதியோடு அண்ட்ரொய்ட் 2.3.7 ஐயும் அதற்கு முந்திய பதிப்புகளையும் கைவிட்டது. இயந்திரம் பழுதாகவில்லை, மின்கலமும் இருக்கிறது, ஆனால் உலகம் அதனோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

திருந்திவரும் போக்கு

நிலைமை அன்றுபோல் இன்றும் இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த 8 ஆம் பதிப்போடு கூகுள் 'டிரெபிள்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சில்லுக்குரிய பகுதியையும் பொதுப் பகுதியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மாற்றும்போது மற்றொன்றைத் தொடவேண்டாதபடி செய்தது அது. நம் பாஷையிற் சொன்னால், பாவை அவிழ்க்காமல் ஊடையை மட்டும் மாற்றும் வித்தை. 2019 இல் 10 ஆம் பதிப்போடு, சில முக்கிய பகுதிகளைக் கூகுள் நேரடியாகவே அனுப்பும் முறையும் ஏற்பட்டது. 2023 ஒக்டோபரில் பிக்ஸல் 8 கைத்தொலைபேசிக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கலக்ஸி எஸ் 24 வரிசைக்குச் சம்சுங்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பித்தல் தருவதாக அறிவித்தன. ஒரு காலத்தில் ஒன்றரை ஆண்டும் கிடைக்காதிருந்ததை நினைத்தால் இது பெரிய மாற்றமே. எனினும், இவை விலை உயர்ந்த மாதிரிகள் என்பதை மறக்கலாகாது.

சிறிய நிறுவனமும் மனம் வைத்தால் செய்யலாம் என்பதை நெதர்லாந்தின் ஃபெயார்போன் காட்டியது. 2015 டிசம்பரில் வெளிவந்த அதன் இரண்டாம் மாதிரியிலிருந்த சில்லுக்கு, அதைச் செய்த நிறுவனம் புதிய பதிப்புகளுக்கான உதவியை நிறுத்திக்கொண்டது. ஃபெயார்போன் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. தன்னார்வலர் உழைப்பையும் துணைகொண்டு, 10 ஆம் பதிப்புவரை தானே அதைக் கொண்டுசென்று, 2023 மார்ச் வரை, ஏழு ஆண்டுகளுக்கு மேல் பராமரித்தது. 'சில்லு இடங்கொடாது' என்பது முழு உண்மையன்று என இதனால் விளங்கும்.

சட்டமும் மெல்ல விழித்திருக்கிறது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புப் புதுப்பித்தல் எதுவரை கிடைக்கும் என்பதை விற்பவர் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியோ ஒருபடி மேலே சென்று, ஒரு மாதிரியின் விற்பனையை நிறுவனம் நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் புதுப்பித்தல் தரவேண்டும் என்கிறது. அரசு கேட்டால் நிறுவனம் செய்யும். செய்யும் ஆற்றல் அதற்கு எப்போதும் இருந்தது என்பதே இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

நாம் செய்யத்தக்கவை

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலாக உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. அதற்குமுன், 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியே பிள்ளைகளின் வகுப்பறையாயிற்று. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு பழைய போனுமாகத் திண்டாடிய குடும்பங்கள் எத்தனை! இத்தகைய நாட்டில், நன்றாக இயங்கும் இயந்திரமொன்றை மென்பொருள் வரவில்லை என்பதற்காக வீசிவிடுதல் வீட்டுக்கும் நஷ்டம், மண்ணுக்கும் கேடு.

ஆகவே, கைத்தொலைபேசி வாங்கப் போகும்போது கமராவையும் நிறத்தையும் மட்டும் பாராதீர்கள். 'இந்த மாதிரி எந்த ஆண்டில் வெளிவந்தது? பாதுகாப்புப் புதுப்பித்தல் எந்த ஆண்டுவரை வரும்?' என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால் நிறுவனத்தின் தளத்திற் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று, புதுப்பித்தல் முடிவடையும் தறுவாயிலுள்ள பழைய மாதிரியை வாங்கினால் அது மலிவன்று. புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்புத் தோன்றினால் அன்றிரவே ஏற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாவது கை நம்முடையது என்று முன்னர்க் கூறினோம் அல்லவா?

புதுப்பித்தல் அடியோடு நின்றுவிட்ட பழைய கைத்தொலைபேசிக்கு லீனியேஜ் போன்ற மாற்று இயங்குதளம் போட விரும்பும் மாணவர்க்குச் சில வார்த்தைகள். முதலாவது, படங்கள், தொடர்பு இலக்கங்கள், செய்திகள் அனைத்தையும் வேறோரிடத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பார்த்த பின்னரே கை வையுங்கள். இரண்டாவது, பெயர் ஒன்றாயிருந்தாலும் மாதிரி இலக்கம் வேறாயிருக்கலாம்; வேறு மாதிரிக்குரிய கோப்பைப் போட்டால் கைத்தொலைபேசி செங்கல்லுக்குச் சமானமாகிவிடும். மூன்றாவது, கோப்பை அதனை உருவாக்கியோரின் தளத்திலிருந்தே பெறுங்கள். முகமறியாதார் தரும் கோப்பில் திருடன் ஒளிந்திருக்கலாம். நான்காவது, மின்கலம் நிறைந்திருக்கட்டும். ஐந்தாவது, உத்தரவாதம் இரத்தாகலாம் என்பதையும், சில வங்கிச் செயலிகள் பின்னர் இயங்க மறுக்கலாம் என்பதையும், கமரா முன்போல் அழகாகப் படம் பிடிக்காமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பூட்டைத் திறக்கவே இடங்கொடாத நிறுவனங்களும் உண்டு. வீட்டிலிருக்கும் ஒரே போனில் பரீட்சை பார்க்காதீர்கள். மேசை லாச்சியில் கிடக்கும் பழைய போன் அதற்குப் போதும்.

இவ்வளவு எச்சரிக்கையும் சொன்ன பிறகு, மாணவர்களை நான் தடுக்கப் போவதில்லை. ஓர் இயந்திரத்தைத் திறந்து, அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டு, தன் ஊருக்கும் மொழிக்கும் ஏற்ப அதைத் திருத்த முயல்வது உயர்ந்த கல்வியாகும். தமிழ் அறியாத இயந்திரத்தைப் பார்த்து 'இவ்வளவுதான்' என்று இருந்துவிடாத இளைஞர்கள் எங்கெங்கோ இருந்ததனாலேயே மருதமுனையில் ஒரு தாய் தன் மகனின் செய்தியைத் தானே வாசித்தார்.

அந்தக் கைத்தொலைபேசி பின்னர் ஐந்தாண்டு உழைத்து ஓய்ந்தது. இப்போது தாயின் கையில் வேறொன்று இருக்கிறது. கட்டளைகளெல்லாம் தமிழிலேயே வருகின்றன. இளைய மகன் இன்று கொழும்பில் கணினித் துறையில் உத்தியோகம் பார்க்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் முதலிற் செய்வது, உம்மாவின் போனை வாங்கி, அதிலுள்ள படங்களையெல்லாம் ஒரு தட்டில் பிரதி எடுத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டுவதே. அதன் பின்னரே தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பான்.